கவ்வியும் கவ்விகளும்

ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கும் வேலையில் ஒரு வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். கவிதை வரியல்ல. இதயத்து ஓட்டையை அடைக்கும் ஒரு கருவிக்காக எழுதப்பட்ட ஐரோப்பியக் காப்புரிமை ஆவணத்தின் முதல் உரிமைக்கோரல். எண் 0808138. அதன் சாரம் இவ்வளவுதான்: உலோக இழைகளால் பின்னிய, மடங்கிச் சுருங்கக்கூடிய ஒரு மருத்துவக் கருவி, அதற்கு அருகு முனை, தூர முனை என இரண்டு முனைகள், ஒவ்வொன்றிலும் இழைகள் பிரிந்து போகாமல் பிடித்து வைக்கும் கவ்விகள். இதில் 'கவ்விகள்' என்னும் பன்மையை வைத்துக்கொண்டு நெதர்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் நீதிபதிகள் சில ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒரு கவ்வி மட்டும் உள்ள கருவி இந்த வாக்கியத்துக்குள் அடங்குமா, அடங்காதா என்பதே வழக்கு.

என் சிக்கல் வேறு. தமிழில் 'கவ்வி' என்று நான் எழுதினால் அது ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். மாடு வந்தது என்றாலும் மாடு வந்தன என்றாலும் மாடு மாடுதான்; வினையைப் பார்த்துத்தான் எத்தனை என்று தெரிந்துகொள்கிறோம். பத்து மாடு என்போம், பத்து மாடுகள் என்று சந்தையில் எவரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். உயிரற்ற பொருளை எண்ணிச் சொல்லும் கட்டாயத்தைத் தமிழ் நம்மீது சுமத்தவில்லை. உரிமைக்கோரலிலோ முற்றுவினையே கிடையாது. அது எவ்வளவு நீண்டாலும் ஒரே பெயர்ச்சொல். அதன்மீது அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். வினையும் இல்லை, 'கள்' விகுதியும் கட்டாயமில்லை என்றால் எத்தனை கவ்வி என்று கேட்கும் நீதிபதிக்குத் தமிழ் வாக்கியம் கையை விரித்துவிடும். காப்புரிமையை வைத்திருந்த கம்பெனியின் வழக்கறிஞர்களுக்கு அது வசதியாக இருந்திருக்கும்.

பானையில் ஓட்டை, கூரையில் ஓட்டை, இதயத்தில் ஓட்டை. சட்டத்திலும் ஓட்டை. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். பொம்மலாட்டம்போல் ஒன்றை ஆட்டினால் மற்றொன்றும் ஆடுகிறது என்பதால்தான் இந்த வழக்கின் பக்கம் திரும்பத் திரும்பப் போகிறேன். ஓட்டையை அடைக்கும் கருவிக்காக எழுதிய வாக்கியத்தில் ஓர் ஓட்டை இருக்கிறதா, இருந்தால் அதை யார் அடைப்பது, அடைக்க வேண்டுமா என்ற கேள்வியை மூன்று நாட்டு நீதிமன்றங்கள் தனித்தனியே கேட்டுக்கொண்டன.

முதலில் அசல் ஓட்டை. இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. கருவில் இருக்கும்போது அந்தச் சுவரில் ஒரு திறப்பு இருந்தே ஆக வேண்டும். குழந்தை மூச்சு விடுவதில்லை; நுரையீரலுக்கு அதிக ரத்தம் போய் ஆக வேண்டியது எதுவுமில்லை; தாயிடமிருந்து பிராணவாயுவோடு வரும் ரத்தம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் குறுக்கு வழியில் தாண்டுகிறது. பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் இடப்பக்க அழுத்தம் கூடி, கதவு போன்ற ஒரு மடிப்பு சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. நாலில் ஒருவருக்கு அது முழுமையாக ஒட்டுவதில்லை. பெரும்பாலானவர்கள் அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். வேறு சிலருக்குச் சுவரின் திசுவே ஒரு பகுதியில் வளராமல் நிஜமான துளை விழுந்திருக்கும். அதைத்தான் மருத்துவர்கள் பெற்றோரை உட்காரவைத்து, தாளில் நாலு அறை வரைந்து, நடுக்கோட்டை அழித்துக் காட்டுவார்கள். கருவில் பாதையாக இருந்த ஒன்று பிறந்த பிறகு பழுதாகிவிடுகிறது. அதே இடம், அதே திறப்பு, மாறியது காலம் மட்டும்.

ஒருகாலத்தில் இதற்கு ஒரே வழி நெஞ்சைப் பிளப்பது. திறக்காமல் அடைக்க முடியுமா என்ற ஆசையின் வரலாறு நீளமானது. 1960-களின் நடுவில் கிழக்கு பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் வெர்னர் போர்ஸ்ட்மன் என்ற கதிரியக்க மருத்துவர், இதயத்துக்கு வெளியே பெருநாளத்தையும் நுரையீரல் நாளத்தையும் இணைக்கும் ஒரு குழாயை, தொடை நாளம் வழியே ஐவலான் என்னும் நுரைப்பஞ்சுத் தக்கையைச் செலுத்தி அடைத்தார். பாட்டிலுக்குத் தக்கை வைப்பதுபோலத்தான். மேலறைச் சுவர் அப்படித் தக்கைக்கு இடம் கொடுக்காது. அது மெல்லிய திரை. திரையிலுள்ள கிழிசலை அடைக்க இரண்டு பக்கமும் பிடிமானம் வேண்டும். 1975-இல் நியூ ஆர்லியன்ஸில் டெரி கிங், நோயல் மில்ஸ் என்ற இருவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடை, இந்தப் பக்கம் ஒரு குடை விரித்து இரண்டையும் பூட்டினார்கள். நம் மருத்துவமனை வராந்தாக்களில் இன்றும் "குடை வச்சு அடைச்சுட்டாங்க" என்று சொல்லும் வழக்கு இந்த வம்சத்திலிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். அந்தக் குடைகளை உள்ளே கொண்டுபோகப் பெரிய குழாய் தேவைப்பட்டது. பிறகு வந்த சில கருவிகளின் கைகள் உள்ளேயே முறிந்தன. குடைக்கம்பி முறிவது நமக்குப் புதிதில்லை, ஆனால் அது இதயத்துக்குள் முறிந்தால் வேறு.

தீர்வு கொடுத்தது ஓர் உலோகம். மேரிலாந்தில் அமெரிக்கக் கடற்படையின் தளவாட ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பூலர் ஏவுகணைக்கு ஏற்ற கலவை தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்தது நிட்டினால். நிக்கல், டைட்டானியம், ஆய்வுக்கூடத்தின் முதலெழுத்துகள்: பெயர் முடிந்தது. 1961-இல் ஒரு கூட்டத்தில் மடித்துச் சுருக்கிய நிட்டினால் பட்டையை மேசையைச் சுற்றி அனுப்பினார்கள். அதிகாரிகளில் ஒருவர் தம் புகைக்குழாய் லைட்டரைப் பற்றவைத்து அதற்குச் சூடு காட்டினார். பட்டை தானாக நிமிர்ந்து நீண்டது. முன்பு இருந்த வடிவத்தை நினைவில் வைத்திருக்கும் உலோகம்! இன்னொரு குணமும் அதற்கு உண்டு: நன்றாக மடக்கினாலும் விட்டதும் பழைய வடிவுக்குத் துள்ளித் திரும்பும். இந்த இரண்டாவது குணத்தை மருத்துவக் கருவியில் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கே தனியாகக் காப்புரிமைகள் எழுதப்பட்டன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கூர்ட் ஆம்பிளாட்ஸ் 1924-இல் ஆஸ்திரியாவில் பிறந்தவர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கதிரியக்க மருத்துவராகப் பல பத்தாண்டுகள் இருந்தவர். ரத்தக்குழாய்க்குள் நுழைக்கும் குழாய்களிலும் கம்பிகளிலும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் யோசித்த வழி நமக்கு அந்நியமானதில்லை: பின்னல். மெல்லிய நிட்டினால் கம்பிகளைக் குழாய்போலப் பின்னு. வேண்டிய நீளத்துக்கு வெட்டு. இரண்டு முனையிலும் கவ்வி போட்டு, அச்சுக்குள் வைத்து, 500 டிகிரி சென்டிகிரேட் அளவில் சூடாக்கு. ஆறியதும் அது உடுக்கை ஆகிவிடும்: இரண்டு வட்டத்தட்டுகள், நடுவே குறுகிய இடுப்பு. இழுத்தால் நூல்போல நீண்டு சில மில்லிமீட்டர் குழாய்க்குள் அடங்கும். தொடைச் சிரை வழியே இதயத்துக்குள் கொண்டுபோய்த் துளையைத் தாண்டி முதல் தட்டை விடுவித்தால் இடது அறையில் விரியும். பின்னுக்கு இழுத்துச் சுவரோடு உட்காரவைத்து, மீதியை விட்டால் இடுப்பு துளையை நிறைத்து, இரண்டாவது தட்டு வலது அறையில் விரியும். உட்கார்ந்தது சரியில்லை என்றால் மறுபடி குழாய்க்குள் இழுத்துக்கொள்ளலாம். சரியென்றால் வலப்பக்கக் கவ்வியில் திருகியிருக்கும் கம்பியை எதிர்த்திசையில் திருகிக் கழற்றிவிட வேண்டும். 1995-இல் பிராட்டிஸ்லாவாவில் யோசெஃப் மசுரா இதை முதன்முதலாக மனிதர்களுக்குப் பொருத்தினார். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001 டிசம்பரில்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வலை ஓட்டையை அடைப்பதில்லை. வலையே ஓட்டைகளால் ஆனது. உள்ளே தைத்த பாலியெஸ்டர் துணியில் ரத்தம் உறைந்து, அதன்மேல் சில மாதங்களில் உடம்பின் திசு படர்ந்து மூடிக்கொள்கிறது. கருவி பந்தல் போடுகிறது, கொடி ஏறுவது உடம்பின் வேலை.

இனி கவ்வி. கயிற்றை நீளமாகத் திரித்து வைத்திருக்கிறோம். நடுவில் ஒரு முழம் வெட்டி எடுத்தால் இரண்டு முனையும் பிரியத் தொடங்கும். இரண்டிலும் முடிச்சுப் போட வேண்டும். ஆம்பிளாட்ஸின் கருவி இப்படித்தான்: நீண்ட பின்னல் குழாயிலிருந்து வெட்டிய துண்டு. இப்போது ஒரு ஜடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜடைக்கும் இரண்டு முனை உண்டு, ஆனால் மேல்முனையில் யாரும் ரப்பர் பேண்டு போடுவதில்லை. முடி அங்கேயிருந்துதான் தொடங்குகிறது, அவிழ வழியில்லை. கீழ்முனையில் ஒரு ரிப்பன் போதும். ஜெர்மனியில் யேனா நகரத்தோடு தொடர்புடைய ஆக்லூடெக் என்ற கம்பெனி செய்தது ஜடை. கம்பிகளை ஒரு முனையிலிருந்தே பின்னத் தொடங்கி, அந்த முனை தானே மூடியிருக்கும்படி செய்துவிட்டார்கள். மறுமுனையில் சேரும் கம்பிநுனிகளை மட்டும் ஒன்றாக உருக்கி ஒட்டினார்கள். அந்நகரத்து இதய மருத்துவப் பேராசிரியர் ஒருவரின் பெயரால் ஃபிகுல்லா என்று கருவிக்குப் பெயர் வைத்தார்கள். இதில் வாணிபத் தந்திரம் மட்டும் இல்லை. ஆம்பிளாட்ஸின் கருவியில் தூர முனைக் கவ்வி இடது மேலறைக்குள் ஒரு சிறு உலோகக் குமிழாக நீட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கத்தில் உறைகட்டி உண்டானால் அது நேரே மூளைக்குப் போகலாம். அந்தக் குமிழை ஒழித்தது நல்ல தச்சு வேலை.

ஆம்பிளாட்ஸின் கருவியை விற்ற கம்பெனி ஏஜிஏ மெடிக்கல். மூன்று பங்காளிகளின் பெயர்களின் முதலெழுத்துகள், முதல் 'ஏ' ஆம்பிளாட்ஸ். அது ஆக்லூடெக்மீது வழக்குப் போட்டது. டுசல்டோர்ஃப் நீதிமன்றம் 2007-இல் உரிமை மீறல்தான் என்றது. மேல்முறையீட்டில் 2008 டிசம்பரிலும் அதே முடிவு. ஹேக் நீதிமன்றம் அதே வாக்கியத்தைப் படித்து, மீறல் இல்லை என்றது. லண்டனில் 2009-இல் காப்புரிமை நீதிமன்றமும் 2010 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மீறல் இல்லை என்றன. ஒரே காப்புரிமை, ஒரே கருவி, ஒரே வாக்கியம். எல்லையைத் தாண்டினால் பொருள் மாறுகிறது. கடைசியாக 2011 மே 10 அன்று கார்ல்ஸ்ரூவில் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் டுசல்டோர்ஃப் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. ஒரு கவ்வி இரண்டு கவ்வி ஆகாது.

அந்தத் தீர்ப்பின் சாரத்தைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் தமிழின் உரையாசிரியர்கள். காப்புரிமை ஆவணத்தில் இரண்டு பகுதி உண்டு. பக்கம் பக்கமாக விளக்கம், கடைசியில் சுருக்கமான உரிமைக்கோரல். நம்மூர்க் கணக்கில் உரையும் சூத்திரமும். வரிசை மட்டும் தலைகீழ். ஆம்பிளாட்ஸின் ஆவணத்தில் உரை தாராளமாகப் பேசுகிறது: முனைகளைக் கவ்வியால் பிடிக்கலாம், பற்றாசு வைக்கலாம், உருக்கி ஒட்டலாம், பசை போடலாம். சூத்திரத்தில் ஏறியது கவ்வி மட்டும். கார்ல்ஸ்ரூ சொன்னது: உரையில் பல வழிகளைச் சொல்லிவிட்டு அவற்றில் ஒன்றை மட்டும் உரிமைக்கோரலில் எழுதினால், மற்ற வழிகளை இன்னொருவர் பயன்படுத்துவது பொதுவாக மீறல் ஆகாது. உரையிலிருந்து எடுத்துச் சூத்திரத்தில் செருகக் கூடாது.

நம் மரபு இதற்கு நேரெதிர்த் திசையில் சாய்ந்தது. உரையிற் கோடல் என்றே ஓர் உத்தி உண்டு: சூத்திரம் சொல்லாததை உரையில் கொள்வது. ஒன்றின முடித்தல் தன்னினம் முடித்தல் என்று இன்னொன்று: ஒன்றைச் சொன்னால் அதன் இனத்தையும் சொன்னதாகக் கொள்வது. சூத்திரத்தில் ஒரு சொல் மிகையாகத் தெரிந்தால் ஆசிரியர் வீணாக எழுதியிருக்க மாட்டார், அதற்குள் வேறொரு விதி ஒளிந்திருக்கிறது என்று உரையாசிரியர் தோண்டி எடுப்பார். இந்த வழக்கு நச்சினார்க்கினியரிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். எங்கோ கிடக்கும் சொல்லைக் கொண்டுவந்து இங்கே பூட்டி, ஒரு கவ்வியை இரு முனைக்கும் பொதுவாக்கி, உருக்கி ஒட்டியதையும் கவ்வியின் இனத்தில் சேர்த்து, ஏஜிஏவுக்கு வழக்கை ஜெயித்துக் கொடுத்திருப்பார்.

காரணம் எளிது. நம் உரையாசிரியருக்குச் சூத்திரம் எழுதியவர் மட்டும்தான் எதிரில் இருக்கிறார். அவர் பெரியவர், குறை வைத்திருக்க மாட்டார். வாக்கியத்தை எவ்வளவு அகலப்படுத்தினாலும் யாருடைய தொழிலும் முடங்காது. காப்புரிமையைப் படிக்கும் நீதிபதிக்கு மூன்றாவது ஆள் ஒருவர் வாசலில் நிற்கிறார். அவர் இன்னொரு கருவி செய்ய வந்தவர். வேலி எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் அவர் அந்தப் பக்கம் வீடு கட்ட முடியும். வரப்பைத் தள்ளித் தள்ளிப் போடும் பங்காளியை நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பிய நாடுகள் 1973-இல் காப்புரிமை உடன்படிக்கை செய்தபோது இந்த வரப்புச் சண்டை வரும் என்று தெரிந்தே ஒரு குறிப்பைச் சேர்த்தன: சொல்லின் நேர்ப்பொருளோடு நிற்கவும் வேண்டாம், வாக்கியத்தை வெறும் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு எழுதியவர் மனதில் என்ன இருந்திருக்கும் என்று தேடவும் வேண்டாம், உரிமை பெற்றவருக்கு நியாயம், மற்றவர்களுக்கு நிச்சயம், இரண்டுக்கும் நடுவே நில்லுங்கள். நடுவே என்பது எந்த இடம் என்று மட்டும் சொல்லவில்லை. 2017-இல் லண்டனின் உச்ச நீதிமன்றம் ஒரு புற்றுநோய் மருந்து வழக்கில், சொல்லுக்கு வெளியே நின்றாலும் சமமான மாற்றாக இருந்தால் மீறல் ஆகலாம் என்று வரப்பைக் கொஞ்சம் நகர்த்திவிட்டது. ஒற்றைக் கவ்வி வழக்கு இன்று போயிருந்தால்? கார்ல்ஸ்ரூவின் வாதம் அங்கேயும் நின்றிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எழுதத் தெரிந்தும் எழுதாமல் விட்டதை மறந்துபோனதாகச் சொல்ல முடியாது.

அந்தப் பன்மையை எழுதியவரைப் பற்றியும் யோசிக்கிறேன். அவர் முன்னால் மேசையில் ஒரு கருவி இருந்திருக்கும். அதில் இரண்டு கவ்வி. கண்ணால் கண்டதை எழுதினார். கதாசிரியருக்கு இது நல்ல பழக்கம். காப்புரிமை எழுதுபவர் இருப்பதை எழுதினால் போதாது, இன்னும் பிறக்காதவற்றையும் எழுத வேண்டும். மூடிய முனையிலிருந்து பின்னத் தெரிந்த எவனோ ஒருவனை யேனாவில் கற்பனை செய்ய வேண்டும். அதற்கு விலையும் உண்டு. மிக அகலமாக எழுதினால், முன்பே இருந்த குடையையும் தக்கையையும் தன்னுடையது என்று சொன்னதாகி உரிமையே செல்லாமல் போகும். குறுக்கினால் பக்கத்து ஆள் ஒதுங்கிப் போய்விடுவான். ஓட்டைக்கும் அடைப்புக்கும் அளவு பொருந்த வேண்டும் என்பதை அளவெடுக்கும் மருத்துவரைவிட இவர்தான் அதிகம் கவலைப்பட வேண்டியவர்.

ஏஜிஏ எப்போதும் வழக்குப் போட்ட பக்கத்தில் மட்டும் நின்றதில்லை. நிட்டினாலின் துள்ளும் குணத்தைக் குழாய்க்குள் அடக்கி வைத்து உடம்புக்குள் விடுவிப்பது என்ற யோசனைக்குப் பழைய காப்புரிமைகள் இருந்தன. அவை மெட்ரானிக் என்ற கம்பெனியின் கையில் இருந்தன. 2009-இல் கலிபோர்னியாவில் ஜூரி மெட்ரானிக் பக்கம் சாய்ந்து, ஏஜிஏ ஐந்து கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்றது. பிறகு சமரசமாகப் போனார்கள். கடற்படை அதிகாரியின் லைட்டர் சூட்டில் நெளிந்த உலோகத்துக்கு இப்படியெல்லாம் வாரிசுகள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு வழக்கு. 2007-இல் ஏஜிஏவை நீதிமன்றத்துக்கு இழுத்தது மினசோட்டா பல்கலைக்கழகம்; ஆம்பிளாட்ஸ் ஆயுளில் பெரும்பகுதி வேலை பார்த்த அதே இடம். அங்கே கிளாட்வின் தாஸ் என்ற இதய மருத்துவர் 1990-களில் ஏஞ்சல் விங்ஸ் என்ற கருவியை உருவாக்கியிருந்தார். சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு துணிச் சட்டங்கள், நடுவில் ஒன்றோடொன்று பொருத்தியவை. அதற்கான காப்புரிமைகள் பல்கலைக்கழகத்துடையவை. அதன் ஒரு கோரல் சொன்னது: முதல் தட்டு, இரண்டாம் தட்டு, முதல் தட்டின் நடுப்பகுதி இரண்டாம் தட்டோடு பொருத்தப்பட்டிருக்கும். ஆம்பிளாட்ஸின் கருவியிலும் இரண்டு தட்டுகள் இருக்கின்றனவே, நடுவில் சேர்ந்தும் இருக்கின்றனவே?

காதில் போடும் தோட்டை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் தோடு, பின்பக்கம் திருகாணி. இரண்டும் தனித்தனி, துளையில் சந்தித்துப் பூட்டிக்கொள்கின்றன. குளியலறையில் திருகாணி தொலைந்து வீடே தேடியிருந்தால் அவை இரண்டு பொருள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. உடுக்கை அப்படியில்லை. அதற்கும் இரண்டு முகம் உண்டு, ஆனால் ஒன்றை மற்றொன்றோடு எவரும் பொருத்தவில்லை. ஒரே கட்டையைக் கடைந்து இடுப்பை ஒடுக்கியதால் இரண்டு முகம் வந்தது. 2013 ஜூனில் வாஷிங்டனிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: பொருத்தப்பட்ட என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் முதலில் இரண்டும் தனியாக இருந்திருக்க வேண்டும். ஏஜிஏவின் கருவி ஒரே பின்னல். பல்கலைக்கழகம் தோற்றது. ஐரோப்பாவில் இரண்டு என்று எழுதி ஒன்றைப் பிடிக்கப் பார்த்து ஏஜிஏ தோற்றது. அமெரிக்காவில் இரண்டு என்று எழுதியவர்கள் ஒன்றாக இருப்பதைப் பிடிக்கப் பார்த்ததால் ஏஜிஏ தப்பித்தது. எண்ணிக்கை ஒருமுறை அடித்தது, ஒருமுறை அணைத்தது.

இதற்கு நடுவே, வழக்கு நடந்துகொண்டிருந்த 2009-இல், அதே பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஆம்பிளாட்ஸ் பெயரைச் சூட்டினார்கள். அவருடைய மகள் கொடுத்த 5 கோடி டாலர் நன்கொடை. நீதிமன்றத்தில் எதிரியின் பெயர், வாசலில் வள்ளலின் பெயர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இதில் கூச்சம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

கருவிக்கு வேலி போடலாம். கைக்குப் போட முடியுமா? சாமுவேல் பாலின் என்ற அரிசோனா கண் மருத்துவர் போட்டுப் பார்த்தார். கண்புரை அறுவையில், தையல் இல்லாமல் தானே மூடிக்கொள்ளும்படி வெட்டைப் போடும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவைத்து, வெர்மான்டிலிருந்த ஜாக் சிங்கர் என்ற மருத்துவர் அதே மாதிரி வெட்டுகிறார் என்று 1993-இல் வழக்குப் போட்டார். மருத்துவ உலகம் கொதித்தது. 1996-இல் வழக்கு பாலினுக்கு எதிராக முடிந்தது. அதே ஆண்டு அமெரிக்கச் சட்டத்தில், சிகிச்சை முறையைச் செய்யும் மருத்துவர்மேல் காப்புரிமையைக் காட்டி நஷ்டஈடு வாங்க முடியாது என்று ஒரு பிரிவு ஏறியது. இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இன்னும் வெளிப்படை: சிகிச்சை முறைகள் கண்டுபிடிப்பே ஆகா. தானே மூடிக்கொள்ளும் திறப்புக்குச் சொந்தக்காரர் இல்லை. மூடிவிட ஒரு பொருள் தேவைப்படும்போதுதான் சொந்தக்காரர் வருகிறார்.

நீதிமன்றங்கள் கடைசியில் சரியாகத்தான் தீர்ப்புச் சொல்லின என்பது என் கட்சி. அதைச் சொல்லிவிட்டு ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். இடது அறைக் குமிழ் வேண்டாம் என்று யோசித்த பொறியாளர் குழந்தையின் மூளையை நினைத்து யோசித்தாரா, வேலியின் இடுக்கை நினைத்து யோசித்தாரா என்று தீர்ப்புகளிலிருந்து தெரியாது. இரண்டையும் நினைத்திருப்பார். வேலி நெருக்கமாக இருந்திருந்தால் ஜடை பிறந்திருக்காது என்பது ஒரு பக்கம். வேலியே இல்லையென்றால் எல்லோரும் கயிற்றையே வெட்டிக்கொண்டிருப்பார்கள், ஜடை பின்ன எவருக்கும் அவசியம் வந்திருக்காது என்பது மறுபக்கம். வாக்கியத்தில் விழுந்த ஓட்டை வழியாகத்தான் அந்த நல்ல பின்னல் வெளியே வந்தது. கருவில் இருக்கும் திறப்பைப்போல அதுவும் சில காலம் பாதைதான். ஏஜிஏவை 2010-இல் செயின்ட் ஜூட் என்ற கம்பெனி வாங்கியது, 2017-இல் செயின்ட் ஜூடை அபாட் வாங்கியது. இருபது ஆண்டுக் கெடு முடிந்து முதல் காப்புரிமைகளும் காலாவதியாகிவிட்டன. இப்போது யார் வேண்டுமானாலும் கயிற்றை வெட்டி இரண்டு முனையிலும் கவ்வி போட்டுக்கொள்ளலாம்.

மதுரைப் பக்கம் உறவுக்காரர் ஒருவரின் மகளுக்கு ஏழு வயதில் இப்படியொரு கருவி வைத்தார்கள். அண்மையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் எழுதிக்கொண்டிருப்பதைக் கேள்விப்பட்டு, பர்சிலிருந்து மருத்துவமனை கொடுத்த அட்டையை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறை மஞ்சளித்திருந்தது. கருவியின் பெயர், வரிசை எண், தேதி, அளவு 18 மி.மீ. எத்தனை கவ்வி என்று அட்டையில் இல்லை. நான் ஜடை, கயிறு, கார்ல்ஸ்ரூ என்று எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உள்ளே இப்போது சதை வளர்ந்து மூடியிருக்கும், திறந்து பார்த்தால்கூட எந்தக் கம்பெனி என்று சுலபத்தில் தெரியாது என்றேன்.

"அது சரிண்ணே," என்றார், அட்டையைத் திரும்ப உறைக்குள் செருகிக்கொண்டே. "பாப்பா அடுத்த மாசம் காலேஜ் டூருக்கு டெல்லி போகுது. ஏர்போர்ட்ல அந்த மிஷினுக்குள்ள போனா சத்தம் போடுமா?"